அலமேலுவுக்கு இரண்டு இஞ்சின்

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையோரம் ஆயில் இஞ்சின் பட்டறை வைத்திருந்த சுமதிநாதன் நாற்பத்தொரு வயது வரை கடலைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அவருக்குத் தெரிந்த தண்ணீர் எல்லாம் கிணற்றுக்குள் இருந்தது. சொந்த ஊரான மேல்சித்தாமூரிலிருந்து மேல்மலையனூர் வரைக்கும் அவர் இறங்காத கிணறு கிடையாது. பாறையைக் குடைந்த கிணறுகள். பாதி ஆழத்தில் ஒரு திட்டு விட்டிருப்பார்கள். அதன் மேல் இஞ்சின் உட்கார்ந்து புகைந்துகொண்டிருக்கும். அவர் கயிற்றைப் பிடித்து இறங்கி, அதன் பக்கத்தில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். பிறகு எழுந்து எங்கேயோ ஒரு நட்டை அரைத் திருகு திருகுவார். மேலே நிற்கும் விவசாயிக்கு வாய்க்காலில் தண்ணீர் பெருத்து வருவது தெரியும்.

அந்தப் பக்கத்துச் சமணர்களை நயினார் என்று கூப்பிடுவது வழக்கம். இவரை இஞ்சின் நயினார் என்றார்கள்.

அறுபத்தாறாம் வருஷம் ஊர் ஊராகக் கரண்டு கம்பம் நட்டுக்கொண்டு வந்தார்கள். கிணற்றுக்கு மோட்டார் போட்டவர்கள் பழைய ஆயில் இஞ்சினை வண்டியில் ஏற்றிவந்து நயினார் பட்டறையில் இறக்கிவிட்டு, யாராவது கேட்டால் தள்ளிவிடச் சொல்லிப் போனார்கள். கேட்பார் யாருமில்லை. பட்டறைக்குப் பின்னால் ஒன்பது இஞ்சின்கள் சந்தையில் விலைபோகாத மாடுகள் மாதிரி வரிசையாக நின்றன. சும்மா நின்றால் துரு ஏறிவிடும் என்று அவர் வாரம் இரண்டு இஞ்சினை எடுத்து ஓட்டிப் பார்ப்பார். அப்படி ஒரு வியாழக்கிழமை பத்துக் குதிரை சக்தி இஞ்சின் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சட்டையும் வெள்ளை அரைக்கால் சட்டையுமாக ஒரு பெரிய மனிதர் வாசலில் வந்து நின்றார்.

அவர் பெயர் செல்லப்பன். கடலூர் முதுநகரில் பள்ளிக்கூட ஆசிரியர். கடல் சாரணர் குழு ஒன்றுக்குத் தலைவர். குழுவில் முப்பத்திரண்டு இளைஞர்கள். அவர்களைச் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏற்றிக் காட்டுவதற்காக முகாம் கூட்டி வந்திருந்தார். கப்பல் விடும் பிள்ளைகள் மலையில் என்ன தேடுகிறார்கள் என்று ஊர் இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

செல்லப்பன் இஞ்சின்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தம் கதையைச் சொன்னார். அவர்களுக்குப் பயிற்சிக்கென்று ஒரு கப்பல் உண்டு. பெரிய கப்பல்களிலிருந்து சரக்கு இறக்கும் தோணிகளை இழுத்துக்கொண்டிருந்த நாற்பதடி மரக்கப்பல். ஒரு வியாபாரி பிள்ளைகளுக்கென்று தானமாகக் கொடுத்தது. வியாபாரியின் தாயார் பெயரே கப்பலுக்கும் பெயர்: அலமேலு. ஆனால் அலமேலுவின் இரண்டு இஞ்சின்களும் செத்துப்போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கப்பலைக் கரையில் கட்டிவைத்து, அசையாத கப்பலில் நின்றுகொண்டு பிள்ளைகள் கப்பலோட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்லி முடித்துவிட்டு இஞ்சினைக் காட்டிக் கேட்டார்.

"நயினாரே, இது கப்பல ஓட்டுமா?"

கப்பல் என்றால் காலண்டர் படத்தில் பார்த்திருந்தார் சுமதிநாதன். அவ்வளவுதான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். இஞ்சின்கள் இரண்டும் அன்றைக்கு அவ்வளவு அழகாகப் பாடிக்கொண்டிருந்தன.

"ஓட்டும்" என்றார்.

வீட்டில் சொன்னபோது மனைவி ஜெயமாலா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவர் எந்தக் கிணற்றில் இறங்கினாலும் அவள் பயந்ததில்லை. இது வேறு என்றாள்.

"கெணத்துத் தண்ணி ஒரே எடத்துல நிக்கும். அது நடக்குற தண்ணியாமே. நீங்க வேலை செய்றப்போ அது எங்கனா கூட்டிகினு பூட்டா?"

கப்பலைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள் என்று அவர் சமாதானம் சொன்னார். சொல்லும்போதே எழுந்துபோய்ச் சாமான் பெட்டியைத் திறந்து ஸ்பேனர்களைத் துடைக்கத் தொடங்கினார். பதினெட்டு வயதில் முதல்முதலாக ஒரு இஞ்சினைத் தனியாகப் பிரித்துப் போட்ட நாளில் அப்படிச் செய்திருந்தார்.

தனகோட்டி என்று ஒரு லாரிக்காரர், செஞ்சியிலிருந்து கடலூருக்கு மணிலாப் பயறு என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிப் போகிறவர். மூட்டைகளுக்கு நடுவே இஞ்சின்களைப் படுக்கவைத்து, கிணற்று வேலைக்கு வைத்திருந்த சவுக்குக் கால்கள் மூன்று, சங்கிலிக் கப்பி, சாமான் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சுமதிநாதன் மூட்டை மேல் உட்கார்ந்து போனார். விழுப்புரம் தாண்டி, கடலூர் வந்து, துறைமுகச் சாலையில் லாரி திரும்பியபோது வீடுகளுக்கு இடையில் ஒரு நீலச் சுவர் தெரிந்தது. யாரோ பெரிய மில் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தார். சுவர் அசைந்தது. அவருக்கு அழுகையும் வரவில்லை, கும்பிடவும் தோன்றவில்லை. சிரிப்புத்தான் வந்தது. மூட்டை மேல் உட்கார்ந்து தன்னந்தனியாக உரக்கச் சிரித்தார். தனகோட்டி வண்டியை நிறுத்தி எட்டிப்பார்த்து, இன்னா ஆச்சு என்று கேட்டதற்கு, இவ்வளவு தண்ணீரை எந்த இஞ்சின் வைத்து இறைப்பது என்றார்.

அலமேலு உப்பனாற்றுக் கரையில் கட்டிக் கிடந்தாள். பச்சைச் சாயம் உரிந்து, புகைபோக்கி கோணி நின்றாள். சுமதிநாதன் பலகை வழியாக ஏறினார். கப்பல் லேசாகச் சாய்ந்து அவரை வரவேற்றது. அவர் அப்படியே குந்திவிட்டார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். வாழ்க்கையில் அவருக்கு யாரும் சல்யூட் அடித்ததில்லை. குந்தியபடியே திருப்பி அடித்தார்.

வேலை பன்னிரண்டு நாள் நடந்தது. மூன்று சவுக்குக் கால்களைக் கப்பல் மேல் முக்காலியாக நிறுத்தி, கப்பி மாட்டி, பிள்ளைகள் சங்கிலியை இழுக்க, முதலில் பழைய இஞ்சின்களை வெளியே எடுத்தார்கள். இரண்டாவது இஞ்சின் கரைக்குப் போனதும் காலடியில் தரை மேலே எழும்பியது. சுமதிநாதன் பாய்ந்து கம்பத்தைக் கட்டிக்கொண்டார். பாரம் குறைந்தால் கப்பல் எழும்பும் என்று செல்லப்பன் விளக்கினார். இஞ்சினை வெளியே எடுத்ததற்காக எந்தக் கிணறும் இதுவரை எழுந்து நின்றதில்லை என்றார் சுமதிநாதன்.

அவர் சாப்பாடு ஒரு பெரிய காரியமாகிவிட்டது. சமண வழக்கப்படி, பொழுது சாய்ந்த பிறகு அவர் எதுவும் உண்ணமாட்டார். மீனும் கருவாடும் மணக்கிற அந்தத் துறைமுகத்தில் பிள்ளைகள் தனி அடுப்பு மூட்டி, தனிப் பாத்திரத்தில் அவருக்குச் சோறும் பருப்பும் வைத்தார்கள். ஐந்து மணிக்கு ஒரு பையன் மேல்தட்டில் நின்று சூரியனைக் காவல் காப்பான். பனைமரத் தலையைத் தொட்டதும் கப்பல் மணியை அடிப்பான். உடனே அத்தனை பேரும் ஸ்பேனரைப் போட்டுவிட்டு அவர் கையைக் கழுவிவிட ஓடிவருவார்கள். அவர் அவசர அவசரமாகச் சாப்பிடுவதை முப்பத்திரண்டு பேரும் பந்தயம் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள்.

கரையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கும் காத்தாயிக்கு இது நல்ல வேடிக்கை. முதல் நாள் அவர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைக் கடந்து போனார். மறுநாளிலிருந்து அவர் வரும்போதெல்லாம் அவள் தன் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, டீசல் நாத்தம் தாங்கல நயினாரே என்பாள். ஐந்தாம் நாள் அவர் துண்டை எடுப்பதை விட்டுவிட்டார். அவளும் விட்டுவிட்டாள்.

பழைய இஞ்சின் இருந்த கட்டைகளை வெட்டிக் குறைத்து, புதிய கட்டை வைத்து, நூல் பிடித்து, இஞ்சினும் விசிறித் தண்டும் ஒரே கோட்டில் வரும்படி தாள் தாளாகத் தகடு சொருகினார். விசிறி என்பது தண்ணீருக்கு அடியில் சுற்றிக் கப்பலைத் தள்ளும் பித்தளை இலைகள். கப்பலுக்கு அது இரண்டு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அவை தண்ணீருக்கு அடியில் இருந்ததால் அவர் அவற்றைப் பார்க்கவேயில்லை. தண்டைப் பார்த்தார், அது நேராக இருந்தது, போதும் என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். துறைமுக அதிகாரி ஒருவர் தொப்பியோடு வந்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வந்தார். கரை முழுக்க ஜனம். அலமேலுவுக்குப் புதுச் சாயமும் சாமந்தி மாலையும். பிள்ளைகளின் பேண்டு வாத்தியம் மேல்தட்டில் முழங்கியது. சுமதிநாதன் கீழே இறங்கி ஹேண்டில் போட்டார். முதல் இஞ்சின் பிடித்தது. இரண்டாவதும் பிடித்தது. செஞ்சிக் கிணறுகளில் கேட்ட அதே சத்தம் உப்பனாற்றின் மேல் எழுந்தபோது, அவர் குந்தி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கயிறுகளை அவிழ்த்தார்கள். கழியால் தள்ளிக் கப்பலை நடு ஆற்றுக்குக் கொண்டுவந்தார்கள். செல்லப்பன் கையசைத்தார். சுமதிநாதன் இரண்டு கிளச்சையும் ஒன்றாகப் போட்டார்.

கப்பல் போகவில்லை, சுற்றியது.

முதலில் மெதுவாக, யாரையோ தேடித் திரும்பிப் பார்க்கிற மாதிரி. பிறகு வேகமாக. கரையில் நின்ற கோயில், கிடங்கு, ஜனக்கூட்டம், மறுபடி கோயில், கிடங்கு, ஜனக்கூட்டம். செல்லப்பன் சுக்கானை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். அலமேலு எதையும் காதில் வாங்கவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால் பேண்டு வாசிப்பவர்கள் வாசித்துக்கொண்டே சுற்றினார்கள். அதிகாரியின் தொப்பி கழன்று ஆற்றில் விழுந்தது. கப்பல் ஒவ்வொரு சுற்றிலும் தொப்பியைக் கடந்து போனது, ஒவ்வொரு முறையும் அவர் குனிந்து கை நீட்டினார்.

கீழே இருந்த சுமதிநாதனுக்கு இது எதுவும் தெரியாது. வட்டச் சன்னல் வழியாகக் காத்தாயி தெரிந்தாள், மறைந்தாள், மறுபடி தெரிந்தாள். துறைமுகத்தில் ஒரே ஜாடையில் இத்தனை பெண்களா என்று ஒரு கணம் நினைத்தார். பிறகுதான் புரிந்து கிளச்சை இழுத்தார். அதற்குப் பிறகும் அலமேலு இரண்டு சுற்றுச் சுற்றி, களைத்துப்போய், எதிர்க்கரைச் சேற்றில் மூக்கை வைத்துச் சாய்ந்தாள். மொத்தம் பதினொரு சுற்று. பிள்ளைகள் எண்ணியிருந்தார்கள்.

மீனவர்கள் தோணியில் வந்து இழுத்துக் கரை சேர்த்தார்கள். பலகை வழியாகத் தலைகுனிந்து இறங்கியவரைப் பார்த்துக் காத்தாயி கேட்டாள்.

"ரங்கராட்டினம் நல்லாத்தான் இருக்குது நயினாரே. என் பேரப் புள்ளைங்கள எப்போ இட்டாரட்டும்?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சிரிப்பு வந்துவிட்டது. தலைசுற்றலில் நேராக நிற்க முடியாமல் அவளுடைய கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவமானம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை, ஆற்றில் நீர் வடிந்திருந்த நேரத்தில், பிள்ளைகளில் இருவர் முங்கிப்போய் விசிறிகளைத் தடவிப் பார்த்து வந்தார்கள். ஒன்றின் இலைகள் வலப்பக்கம் வளைந்திருந்தன, மற்றதில் இடப்பக்கம். பழைய இஞ்சின்கள் ஜோடியாகச் செய்யப்பட்டவை. ஒன்று வலமாகச் சுற்றும், மற்றது இடமாக. சுமதிநாதனின் இஞ்சின்கள் இரண்டும் ஒரே பக்கம்தான் சுற்றின. அதனால் ஒரு விசிறி கப்பலை முன்னால் தள்ள, மற்றது பின்னால் இழுத்தது. புது விசிறி வேண்டுமென்றால் மதராசுக்கு எழுதிப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். செல்லப்பன் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் சுமதிநாதனுக்குத் தாங்கவில்லை. பிள்ளைகளோ, இன்னொரு முறை அதேபோல் சுற்றிக் காட்டமுடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

செய்தியைத் தனகோட்டி செஞ்சிக்குக் கொண்டுபோய்விட்டார். அவர் வாயில் பதினொரு சுற்று நூற்றுப் பதினொன்றாகியிருந்தது. புதன்கிழமை மத்தியானம் ஜெயமாலா கையில் தூக்கு வாளியோடு துறைமுகத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கணவர் முழுசாக இருக்கிறாரா என்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவரைச் சுற்றவைத்ததைத் தனக்கும் காட்டச் சொன்னாள்.

அவளைக் கைப்பிடித்துக் கீழே இறக்கி இரண்டு இஞ்சினையும் காட்டினார். இதுவும் வலம், அதுவும் வலம், இதில் ஒன்று இடமாகச் சுற்ற வேண்டும், ஆனால் பிறவிக் குணத்தை மாற்றமுடியாது என்று விளக்கினார். ஜெயமாலா இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே பக்கம் மூஞ்சி காட்டிகினு இருக்குதே. ஒண்ண அந்தாண்ட திருப்பி உக்கார வெச்சா?"

திருப்பி வைத்தாலும் சுற்றுவது சுற்றுவதுதானே என்று அவர் சொல்லத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். மேலே ஏறினார். மேல்தட்டில் நங்கூரம் தூக்குகிற உருளை இருந்தது, இரண்டு முனையிலும் கைப்பிடி வைத்தது. அவளை ஒரு முனையில் நிற்கச் சொல்லி, தாம் மறுமுனைக்குப் போய், இருவருமாகச் சுற்றலாம் என்றார். முப்பத்திரண்டு பிள்ளைகள் பார்க்க அவளுக்கு வெட்கம். முந்தானையைச் செருகிக்கொண்டு சுற்றினாள். உருளை சுழன்றது.

"உனக்கு எந்தப் பக்கம் சுத்துது?"

"சோத்தாங்கை பக்கம்."

"எனக்குப் பீச்சாங்கை பக்கம்" என்றார் சுமதிநாதன்.

ஒரே உருளை, ஒரே சுற்று. நிற்கும் பக்கம் மாறினால் வலம் இடமாகிறது. அவர் இஞ்சினுக்கோ இரண்டு பக்கமும் சக்கரம், எந்தப் பக்கத்திலிருந்தும் தண்டை மாட்டலாம். அவர் கைப்பிடியை விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். ஜெயமாலாவும் சுற்றினாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது, அவர் சிரித்ததால் அவளும் சிரித்தாள். நங்கூரம் மேலே வந்து கப்பல் விளிம்பில் மோதியபோதுதான் இருவரும் விட்டார்கள்.

இடப்பக்கத்து இஞ்சினைத் தூக்கி, முகத்தைத் திருப்பி உட்காரவைக்க மூன்று நாள் பிடித்தது. ஜெயமாலா ஊருக்குத் திரும்பவில்லை. பிள்ளைகளின் தனி அடுப்பு அவள் கைக்கு மாறியது. மூன்றே நாளில் பிள்ளைகள் அத்தனை பேரும் பொழுது சாய்வதற்குள் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள், புளிக்குழம்பு அப்படி.

இரண்டாம் வெள்ளோட்டத்துக்கு யாரையும் அழைக்கவில்லை. சனிக்கிழமை மாலை நாலு மணி. காத்தாயி மட்டும் விற்று முடித்த கூடையைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டு ஏறிக்கொண்டாள். சுற்றினால் நன்றாக இருக்கும் என்றுதான் வந்தாள்.

சுமதிநாதன் கிளச்சைப் போட்டார். வட்டச் சன்னலில் கோயில் பின்னால் நகர்ந்தது. கிடங்கு பின்னால் நகர்ந்தது. கோயில் திரும்பி வரவில்லை. அவர் மேலே ஓடிவந்தார். அலமேலு மூக்கை நிமிர்த்திக்கொண்டு ஆற்றின் நடுவே நேராகப் போய்க்கொண்டிருந்தாள். சுக்கானில் நின்ற செல்லப்பன் தலையை ஆட்டினார். முகத்துவாரத்தில் முதல் அலை கப்பலைத் தூக்கியது. சுமதிநாதன் கம்பத்தைத் தேடவில்லை. இரண்டு காலையும் அகட்டி நின்று, அலை ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கி, ஊஞ்சலாடும் குழந்தை மாதிரி ஒவ்வொரு அலைக்கும் ஓ என்றார். பிள்ளைகளும் ஓ என்றார்கள். காத்தாயி ஜெயமாலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷமாகக் கடலில் பிடித்ததை விற்றுப் பிழைத்தவள், கடலுக்குள் வந்தது அன்றுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாள்.

ஒரு மைல் உள்ளே போயிருப்பார்கள். பொழுது கரைப் பக்கம் தாழ்ந்துவிட்டதை ஜெயமாலாதான் கவனித்தாள். தூக்கு வாளியைத் திறந்து, ஆடுகிற கப்பலில் புளிச்சோற்றை உருட்டி உருட்டி அவர் கையில் வைத்தாள். பாதி வாய்க்குப் போயிற்று, பாதி கடலுக்கு. சூரியன் முழுசாக இறங்குவதற்குள் இருவரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

அலமேலு அந்த இஞ்சின்களோடு பல வருஷம் ஓடினாள். அதில் பழகிய பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் பெரிய கப்பல்களில் வேலைக்குப் போய், தூர தேசத்துத் துறைமுகங்களிலிருந்து செஞ்சிக்குத் தபால் அட்டை போட்டார்கள். பட்டறைக்குப் பின்னால் நின்ற மற்ற இஞ்சின்களில் நாலு, கடலூர் மீனவர்களின் தோணிகளுக்குப் போயின. ஒவ்வொன்றையும் அவரே கூடப் போய் மாட்டினார். ஒவ்வொரு தடவையும் ஜெயமாலாவும் போனாள். போகும் முன், தோணியைக் கரையேற்றி விசிறி தெரியும்படி வைக்கச் சொல்லி ஆளனுப்புவார்.

ஒரு அமாவாசையன்று கடலூரிலிருந்து திரும்பும் வழியில் விழுப்புரத்தில் அவர்கள் ஏறவேண்டிய பஸ் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தால் பிதுங்கி வழிந்தது. படியில் கால் வைக்க இடமில்லை. கண்டக்டர் செஞ்சிக்காரர். தலையை வெளியே நீட்டி இவர்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, கப்பல் நயினாரும் அவர் சம்சாரமும் ஏறணும், கொஞ்சம் தள்ளி உக்காருங்க என்று சொன்னார். வேப்பிலையும் தேங்காய்ப் பையுமாக நெருங்கியிருந்த ஜனம் எப்படியோ ஒடுங்கி ஒரு இடம் பண்ணிக் கொடுத்தது. ஒரே இடம்தான். சுமதிநாதன் ஜெயமாலாவை உட்காரச் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்து, அலையில் நின்ற மாதிரி இரண்டு காலையும் அகட்டி நின்றுகொண்டார். பஸ் கிளம்பியது.